சொல்வதெழுதுதல்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடிக்காத பாடவேளை சொல்வதெழுதுதல். மூதூரில் எங்கள் தமிழ் ஆசிரியர் வாசலுக்கும் கரும்பலகைக்கும் இடையே நடந்துகொண்டு ஒரு வசனத்தை இரண்டு தரம் சொல்வார். மூன்றாந் தரம் கேட்டவனுக்குக் காது திருகப்படும். ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் ஒன்றாகவே பிறக்கும். எழுத்தில் பிரிக்கவேண்டியது எங்கள் பொறுப்பு.

நாற்பது வருடங்கள் கழித்து இன்று அவருடைய இடத்தில் நான் நிற்கிறேன். சொல்பவன் நான், எழுதுவது கைத்தொலைபேசி. வலது மணிக்கட்டும் பெருவிரலும் மரத்துப்போகத் தொடங்கியதும் வைத்தியர் ரைப் பண்ணுவதை நிறுத்தச் சொன்னார். அப்போது நாவலில் பத்து அத்தியாயங்கள் முடிந்திருந்தன. மிகுதியை வாயால் எழுதலாம் என்று துணிந்தேன். எழுதி முடித்த பகுதிகளை நண்பரொருவருக்கு வாசிக்கக் கொடுத்தேன். எது எப்படி எழுதப்பட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. வாசித்துவிட்டு அவர் கேட்டார்: "பத்தாம் அத்தியாயத்துக்குப் பொறகு எழுதினது ஆரு?"

அந்த 'ஆரு' பற்றியே இக்கட்டுரை.

வாயால் கதை எழுதினால் பேச்சுமொழி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. உம்மம்மாக்களின் வாய்வழிக் கதைமரபுக்குத் திரும்பிப் போகிறோம் என்று இதனைக் கொண்டாடுவோரும் உளர். நானும் அப்படித்தான் நம்பினேன். ரைப் செய்த பகுதியில் ஒரு வசனம்: "உம்மா விளக்கைத் தணித்தாள்." இதே காரியம் வாயால் எழுதிய அத்தியாயமொன்றில் இப்படி வந்திருந்தது: "அந்த நேரத்திலேதான், அந்த இருட்டிலேதான், என்னைப் பெற்ற தாய் அந்த விளக்கைத் தணித்தாள்." இது உம்மம்மாவின் குரலல்ல. வெள்ளிக்கிழமை மிம்பரில் இருந்தும் மீலாத் மேடையில் இருந்தும் ஐம்பது வருடமாக என் காதில் விழுந்த குரல். பொதுவிடத்தில் வாய் திறந்தால் எப்படிப் பேசவேண்டும் என்று எனக்குப் பழக்கியவர்கள் அந்த மேடைக்காரர்கள்தாம். தனியறையில் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்ததும் வாய் அதையும் ஒலிவாங்கி என்றே எடுத்துக்கொண்டது.

சொல்பவனுக்கு மௌனம் பயம். விரல் ஓய்ந்தால் தாள் காத்திருக்கும். வாய் ஓய்ந்தால் ஏதோ பிழைத்துவிட்டது போலிருக்கும், உடனே ஒரு 'அதாவது', ஒரு 'ஆகவே' வந்து விழும். ஹென்றி ஜேம்ஸ் 1897இல் மணிக்கட்டு வலி காரணமாகச் சொல்லி எழுதுவிக்கத் தொடங்கினார். 1902க்கும் 1904க்கும் இடையில் வெளிவந்த அவருடைய மூன்று பெரிய நாவல்களின் வசனங்கள் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. அவருக்கு அந்த நீளம் பொருந்தியது. அவருடைய பாத்திரங்கள் ஒன்றைச் சொல்லவந்து பத்தை யோசிப்பவர்கள். என் பாத்திரங்கள் வள்ளம் தள்ளுகிறவர்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் தாஹா ஹுஸைன். சிறுபராயத்திலேயே கண்பார்வை இழந்த அவர் எல்லாவற்றையும் சொல்லியே எழுதுவித்தார். 'அல்-அய்யாம்' 1926இல் 'அல்-ஹிலால்' சஞ்சிகையில் வெளிவரத் தொடங்கியது. தன் கதையைத்தான் சொல்கிறார், ஆயினும் 'நான்' என்று சொல்லாமல் 'சிறுவன்' என்கிறார். ஒரு சொல்லைச் சொல்லி, அதைச் சற்றுத் திருப்பி மறுபடியும் சொல்லும் அந்த நடையின் ஓசையை அரபு விமர்சகர்கள் விதந்துரைத்துள்ளனர். ஆனால் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. வாழ்நாள் முழுதும் வாயால் எழுதிய இம்மனிதர் பேச்சு அரபியில் இலக்கியம் படைப்பதை எதிர்த்தவர். அவர் வாயிலிருந்து வந்தது கெய்ரோத் தெருவின் பேச்சல்ல. குர்ஆனை மனனம் செய்து அஸ்ஹரில் பாடம் கேட்ட ஒருவரின் செவ்வியல் அரபி. எந்த வாயும் வெறும் வாயல்ல. அதற்கும் உஸ்தாதுமார் இருந்திருக்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் நமது புனைகதையின் மொழி பற்றிச் சில சங்கதிகள் தெளிவாகின்றன. எங்கள் ஊர்க்காரரான வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி'யை எடுத்துக்கொள்வோம். மீனவச் சிறுவன் தானே சொல்வதாக அமைந்த கதை, ஆனால் சொல்லும் தமிழ் பள்ளிக்கூடத்துத் தமிழ். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்கதையை இன்றைக்கும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதுகிற கை அச்சிறுவனுக்குத் தன் தமிழை இரவல் கொடுத்திருக்கிறது என்கிறேன், அவ்வளவே. எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யிலோ ஊர்ச்சொல் மேற்கோள் குறிகளுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. கதை சொல்லும் வரிகளுக்குள்ளும் ஏறி வந்துவிடுகிறது. தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் படித்தவர். தமிழை வகுப்பறை அவருக்குக் கொடுக்கவில்லை, தேங்காய்ப்பட்டணத்து வீடும் கடற்கரையும் கொடுத்தன. ஒரு கடலோரக் கிராமத்தின் குரலை அவ்வளவு நெருக்கமாக அவர் கொண்டுவந்ததற்கு அந்தப் 'படிக்காமை'யும் உதவியது என்பது என் துணிபு. ஆகக் கேள்வி கையா வாயா என்பதல்ல, அந்தக் கைக்கும் வாய்க்கும் தமிழ் கற்பித்தது யார் என்பதே.

இயந்திரத்துக்கும் ஒரு உஸ்தாது இருந்திருக்கிறார், அவர் நம்மூர்க்காரர் அல்லர். நான் பாவிக்கும் செயலி 'வாப்பா' என்றால் 'வா அப்பா' என்று எழுதுகிறது. 'மையித்து' 'மை வைத்து' ஆகிறது. இவை சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழைகள். ஒருநாள் ஜன்னல் வழியே வந்த அஸர் பாங்கையும் அது விடாமல் எழுதியிருந்தது. அதில் ஏதோ ஒரு கல்யாணமும் இரண்டு பஸ்களும் இருந்தன. நான் பயப்படுவது பிழைகளுக்கல்ல, திருத்தங்களுக்கு. 'போறன்' என்று சொன்னால் 'போறேன்' என்று வரும். 'எண்டு' 'என்று' ஆகும். களைத்த நேரத்தில் அவற்றைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். மூன்று அத்தியாயம் கழிந்து பார்த்தபோது மூதூர் ஆட்கள் எல்லாரும் சென்னைத் தொலைக்காட்சி நாடகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் போலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூட ஆசிரியராவது பிழையென்று காதைத் திருகிச் சொன்னார்.

கடைசியில் மகளைப் பிடித்தேன். பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் அவள் கொப்பியில் எழுத, நான் சொன்னேன். பழைய முறைதான். பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் அபூ அலீ அல்-காலீ சபையிலே சொல்ல, மற்றவர்கள் எழுதிய நூலுக்குப் பெயரே 'அமாலீ', அதாவது சொல்வதெழுதுதல்கள். இம்லா என்ற அந்த மரபில் எழுதியதை ஆசிரியர் முன் வாசித்துக் காட்டிச் சரிபார்க்கும் வரை பிரதி நிறைவு பெறாது. நம் பக்கத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை மனத்திலேயே அமைத்துச் சொல்லச் சொல்ல, மாணாக்கர்கள் ஏட்டில் எழுதினார்கள். 1871இல் அவரிடம் போய்ச் சேர்ந்த உ.வே. சாமிநாதையரும் அப்படி எழுதியவர்தான். தஸ்தயேவ்ஸ்கி 1866 ஒக்டோபரில் 'சூதாடி'யை இருபத்தாறு நாட்களில் சொல்லி முடித்தார். பகலில் சுருக்கெழுத்தில் எடுத்ததை இரவில் விரித்தெழுதி மறுநாள் கொண்டுவந்து கொடுத்த அன்னாவை அடுத்த வருடம் மணமுடித்தார். இந்த எழுதுகைகளின் பெயர் அட்டையில் வருவதில்லை. அவர்கள் முகம் சுளித்த இடத்தில் எத்தனை வசனங்கள் மாறியிருக்கும் என்பதற்கும் கணக்கில்லை.

என் மகள் முகம் சுளிப்பதோடு நிற்பவளல்ல. "வாப்பா, உம்மம்மா இப்படிக் கதைக்க மாட்டாவே" என்பாள். "இதைத்தானே இப்ப சொன்னீங்க" என்பாள். 'அந்த நேரத்திலேதான்' எல்லாம் ஒரு கிழமையில் ஒழிந்தன. மேடை போய் வீடு வந்தது. கேட்டிருப்பவர் மாறினால் சொல்பவனின் தமிழ் மாறுகிறது. பின்னர் அவள் திருப்பி வாசிக்கும்போது கேட்டால் எந்தச் சொல் என்னுடையது, எது இரவல் என்பது எனக்கே தெரிந்தது. என் நண்பர் அவ்வத்தியாயங்களை வாசித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

பதினாறாம் அத்தியாயம் வரை இப்படிப் போயிற்று.

பதினாறாவது 2006 ஆகஸ்டைப் பற்றியது. மூதூருக்குள் சண்டை வந்து ஊரே கந்தளாய்ப் பக்கம் நடந்த நாட்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது, என் தோளில் இருந்தாள். முதல் இரண்டு பக்கத்தை எழுதியவள் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, இது கதையா, நடந்ததா?" அதற்குமேல் எனக்கு வாய் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. கையால் என்றால் அந்த அத்தியாயத்தை இரவில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருப்பேன். புத்தகமான பிறகு அவள் வாசித்திருப்பாள், நான் வேறெங்காவது இருந்திருப்பேன். எழுத்து நமக்குத் தந்திருந்த அந்த மறைப்பை, அதை இழக்கும்வரை நான் யோசித்ததில்லை.

பெண்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். ஸல்மா குடும்பத்தார் கண்ணில் படாமல், குளியலறையில் நின்றெல்லாம் ஒளித்து எழுதியது இன்று எல்லாரும் அறிந்த செய்தி. அந்த வீட்டில் அவர் வாயால் எழுத நேர்ந்திருந்தால் 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்திருக்காது. தாளுக்குச் சத்தமில்லை என்பதால்தான் அந்நாவல் நமக்குக் கிடைத்தது. நம்மூர் வீடுகளில் மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ எப்போதும் இருக்கிறார்கள். வாய்மொழி மரபைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவோர், வாயால் சொல்ல முடியாதவற்றுக்காகவே பலர் பேனையைத் தொட்டார்கள் என்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும். ஆர்.எம். நௌஸாத் தம் நாவலுக்குக் 'கொல்வதெழுதுதல் 90' என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடச் சொல்லில் ஓரெழுத்தை மாற்றி, பக்கத்தில் ஒரு வருடத்தைப் போட்டார். கிழக்கில் அந்த 90 எதைக் குறிக்கிறது என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தத் தலைப்பை உரத்துச் சொல்லும்போது நாக்கு ஒருதரம் தயங்கும். கண்ணால் வாசிக்கும்போது அது அவ்வளவு தெரிவதில்லை.

எனவே பதினாறாம் அத்தியாயத்துக்காக மறுபடி இயந்திரத்திடம் போனேன், இம்முறை வீட்டை விட்டு வெளியே. மூதூருக்கு லாஞ்சில் போய்வந்த காலத்தில் நாம் காத்திருந்த இறங்குதுறைப் பக்கம் பின்னேரம் போய் உட்கார்ந்துகொள்வேன். உட்துறைமுகத்தின் நீர் அந்நேரம் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும். காதில் வயரை மாட்டிக்கொண்டால் யாருடனோ ரெலிபோன் கதைக்கிறான் என்று ஊர் விட்டுவிடும்.

ஒருநாள் இந்த வசனத்தைச் சொன்னேன்: "மையித்துக்குக் கபன் இருக்கவில்லை, மூத்தவளின் சேலையைக் கிழித்தார்கள்." பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, "இன்னாலில்லாஹி" என்றார். பிறகு, "ஆரு காக்கா மவுத்து?"

கதை என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. "இப்ப இல்ல, தம்பி. மூதூரால நடந்து வந்த நேரம்" என்றேன்.

அவர் தூண்டிலைச் சுற்றி வைத்தார். "நாங்களும் அந்த வழியாலதான் வந்த" என்றார். சற்றுப் பொறுத்து, "சேலை கிடைச்சாக்களுக்குச் சேலை. நாங்க சாரனக் கிழிச்ச" என்றார்.

தொலைபேசி ஓடிக்கொண்டிருந்தது. என் வசனத்துக்கு அடுத்த வரியில் அவருடையதும் விழுந்திருந்தது. திரையைக் காட்டி அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கி வாசித்துப் பார்த்தார். "வச்சிக்கங்க. பேரப் போட வேணாம்" என்றார்.

இயந்திரம் அதை 'நாங்கள் சாரணர் கிழித்தோம்' என்று எழுதியிருந்தது. அங்கேயே இருந்து, இடக்கையின் ஒரு விரலால், அவர் சொன்னபடி திருத்தினேன்.