இணையெழுத்து ஒலிகளும் தமிழ்க் குழந்தையின் ஆங்கில வாசிப்பும்: திருப்பூர்ச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் இணைந்து ஓர் ஒலியைத் தரும் இடங்களைத் தொடக்கநிலை மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கென வகுக்கப்பட்ட வரிசைமுறை தமிழ்நாட்டு வகுப்பறைக்கு அப்படியே பொருந்துவதில்லை. அதற்கு மாற்றான அடித்தளம் தமிழ் எழுத்துமுறையிலும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சொற்களிலும் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இணையெழுத்து, ஒலிவழி வாசிப்பு, ஆய்தம், தொழிற்சொல், திருப்பூர்.

முன்னுரை

ஆங்கில நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள் 26. அம்மொழியின் ஒலியன்கள் ஏறத்தாழ 44. இப்பற்றாக்குறையை ஆங்கிலம் பெரும்பாலும் எழுத்துகளை இணைத்தே ஈடுசெய்கிறது. எஸ்-எச், சி-எச், டி-எச், பி-எச், சி-கே, என்-ஜி, இ-இ, ஓ-ஓ ஆகியன இவ்வகையின. தனியெழுத்துகளின் ஒலியை மட்டும் அறிந்த குழந்தை இவற்றைச் சந்திக்கும் இடத்தில் தடுமாறுகிறது.

தமிழ்நாட்டில் இத்தடுமாற்றம் சிறிய செய்தியன்று. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் விரிவாகத் தொடங்கப்பட்டன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், கணிதம் ஆகியவற்றோடு ஆங்கிலத்தையும் அடிப்படைத் திறனாகக் கொண்டது. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளரின் பிள்ளைகளுள் பலர், தம் குடும்பத்தில் ஆங்கிலம் வாசிக்கும் முதல் தலைமுறையினர். அவர்களுக்கு வகுப்பறையே ஆங்கில வாசிப்பின் தொடக்கமும் முழு ஆதாரமும் ஆகும்.

இறக்குமதியான வரிசைமுறை

இங்கிலாந்தில் உருவாகி இந்தியத் தனியார் பள்ளிகளில் பரவிய ஜாலி ஃபோனிக்ஸ் முறை, 42 ஒலிகளை 7 தொகுதிகளாகப் பகுக்கிறது. ஏ-ஐ, ஓ-ஏ ஆகிய உயிரிணைகள் 4ஆம் தொகுதியிலும், சி-எச், எஸ்-எச், டி-எச் ஆகிய மெய்யிணைகள் 6ஆம் தொகுதியிலும் வருகின்றன. ஒலிகளை முறையாகவும் வரிசையாகவும் கற்பிப்பது பயன்தரும் என்பதை அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கையும், இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு ரோஸ் அறிக்கையும் எடுத்துரைத்தன. இக்கருத்து மறுக்கத்தக்கதன்று. வினாவுக்குரியது, அம்முறை யாரைக் கற்போராகக் கொண்டு அமைந்தது என்பதேயாகும்.

காஃப், டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய வாசிப்புக் கோட்பாடு, வாசிப்பை எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனாகக் காண்கிறது. ஒன்று சுழியாயின் பலனும் சுழியே. ஆங்கிலம் பேசும் குழந்தை, தான் ஒலித்த சொல் முன்பே கேட்ட சொல்லாக இருத்தலால், தன் வாசிப்பைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. தமிழ்க் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிழையின்றி ஒலித்தாலும் அவ்வொலி ஒரு சொல்லாக அதன் செவியில் விழுவதில்லை. எனவே எந்த இணையெழுத்தை எப்போது கற்பிப்பது என்பதோடு, எந்தச் சொல்லைக் கொண்டு கற்பிப்பது என்பதும் இங்கு முதன்மை பெறுகிறது.

தமிழ் எழுத்து தரும் முன்னறிவு

தமிழில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஆங்கிலத்தில் அவ்வாறில்லை என்று கூறி இப்பாடத்தைத் தொடங்கும் வழக்கம் உண்டு. இக்கூற்று முழுமையானதன்று. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் நிற்கின்றன. கொம்பு தனித்து நின்றால் எகரம். கால் தனித்து நின்றால் ஆகாரம். இரண்டும் சேர்ந்தால் இவ்விரண்டுமல்லாத ஒகரம் பிறக்கிறது. இரு குறிகள் இணைந்து புதியதோர் ஒலியைத் தருதல் என்னும் நெறியை முதல் வகுப்புக் குழந்தை தன் தாய்மொழியிலேயே அறிந்துள்ளது. நடுவில் ஒரு மெய்யை வைத்து இருபுறமும் நிற்கும் ஆங்கில உயிரிணைக்கும் இதுவே நெருங்கிய ஒப்புமை.

ஆய்தம் மற்றொரு சான்று. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகக் கொண்ட ஆய்தத்தை, இக்காலத் தமிழ் பகரத்தின் முன் இட்டு ‘ஃப’ என எழுதிப் பிறமொழி ஒலியொன்றைக் குறிக்கிறது. இது பி-எச் இணைக்கு நேரான தமிழ் இணையெழுத்து. சகரமும் அவ்வாறே சூழலுக்கேற்ப ஒலி மாறுகிறது. ‘பசி’, ‘பச்சை’, ‘மஞ்சள்’ ஆகியவற்றில் அது மூவேறு ஒலிகளைப் பெறுகிறது. அண்டை எழுத்தை நோக்கி ஒலியைத் தீர்மானித்தல் தமிழ் வாசிப்பின் இயல்பு என்பது இதனால் விளங்கும்.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. தமிழின் மாற்றங்கள் பெரும்பாலும் இடம் நோக்கி அமைவன. ஆங்கிலத்திலோ சி-எச் இணை ‘செயின்’, ‘ஸ்கூல்’, ‘மெஷின்’ ஆகிய சொற்களில் மூவேறாக ஒலிப்பதற்குச் சொல்லின் பிறப்பு வரலாறே காரணம். தமிழறிவு நெறியை விளக்கும்; விலக்குகளைச் சொல்தோறும் பயிலவே வேண்டும்.

பெயர்ப்பலகையின் இணையெழுத்துகள்

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கு, குழந்தை நாள்தோறும் காணும் மற்றோர் இணையெழுத்து முறையாகும். அதில் டி-எச் தகரத்தையும், ஏ-ஐ ஐகாரத்தையும், இஸட்-எச் ழகரத்தையும் குறிக்கின்றன. 2020இல் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, விரைவில் அதனைத் திரும்பப்பெற்றது. இவ்வெழுத்துக்கூட்டல் எவ்வளவு நிலையற்றது என்பதை அந்நிகழ்வு காட்டியது. ‘மதுரை’ என்னும் பலகையில் ஏ-ஐ இணையை ஐகாரமாகக் கண்ட குழந்தை, பாடநூலில் அதே இணையை வேறோர் ஒலியாகக் காண்கிறது. இம்முரணை ஆசிரியர் வெளிப்படையாக விளக்காதவிடத்து, அது குழந்தையின் அறியாமையாகப் பதிவாகிறது.

உச்சரிப்புச் சாயலை வாசிப்புப் பிழையாகக் கொள்வதும் இத்தகையதே. டி-எச் இணையைத் தமிழ்த் தகரமாக ஒலித்த குழந்தை அவ்விணையைச் சரியாக இனங்கண்டுள்ளது. டகரம், ஹகரம் எனப் பிரித்து ஒலித்த குழந்தையே இனங்காணவில்லை. முன்னதற்குத் தேவை ஒலிப்பயிற்சி. பின்னதற்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. திருப்பூருக்குப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. இந்தி, ஒடியா ஆகியவற்றில் மூச்சொலியுடன் கூடிய தகரத்துக்குத் தனியெழுத்து உண்டு, தமிழில் இல்லை. ஒரே இணையை இருவரும் இருவேறு வழிகளில் அணுகுவர்.

செவியறிந்த தொழிற்சொற்கள்

பொருளறிந்த ஆங்கிலச் சொற்கள் திருப்பூர்க் குழந்தைக்கு அரியன அல்ல. செக்கிங், பேக்கிங், ஸ்டிச்சிங், ப்ளீச்சிங், ஓவர்லாக், ஷிப்மெண்ட் ஆகியன வீட்டுப் பேச்சில் புழங்குவன. ‘செக்கிங்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகளும் ஐந்து ஒலிகளும் கொண்டது; சி-எச், சி-கே, என்-ஜி ஆகிய மூன்று இணைகள் அவ்வொரு சொல்லிலேயே அடங்கும். செவி முன்பே அறிந்த சொல்லாதலால், குழந்தை தன் வாசிப்பைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு இங்குக் கிட்டுகிறது.

தொழிற்சொற்களை வகுப்பறைக்குக் கொணர்வது பிள்ளைகளைப் பெற்றோர் தொழிலோடு பிணைக்கும் என்னும் ஐயம் எழலாம். குழந்தைத் தொழிலாளர் சிக்கலைக் கண்ட ஊரில் இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இச்சொற்கள் இங்குக் கற்பிக்கும் கருவியே. கற்றலின் இலக்கு அல்ல. ‘ஷிப்மெண்ட்’ வழியாக எஸ்-எச் இணையை அறிந்த குழந்தை, தான் கேட்டிராத நூறு சொற்களில் அதனை இனங்காணும். அவ்விடத்தில் கருவியின் பணி முடிகிறது.

முடிவுரை

இணையெழுத்துகளின் வரிசையைத் தமிழொலியிலிருந்து அவை நிற்கும் தொலைவு கொண்டு அமைப்பது பொருத்தமாகும். தமிழில் நேரொலியுள்ள சி-எச், சி-கே, இ-இ, ஓ-ஓ முதலிலும், கிரந்த எழுத்தாலும் ஆய்தத்தாலும் விளக்கத்தக்க எஸ்-எச், பி-எச் அடுத்தும், தமிழ்ப் பழக்கத்தோடு முரணும் டி-எச், என்-ஜி, ஏ-ஐ இறுதியிலும் வருதல் வேண்டும். இவ்வரிசை வகுப்பறை ஆய்வால் சோதிக்கப்படவேண்டிய கருதுகோளே. எனினும், தமிழ் எழுத்தறிவைத் தடையாகக் கொள்ளாது முதலாகக் கொள்ளும் பயிற்சி ஆசிரியர்க்கு வழங்கப்படாதவரை, எவ்வரிசையும் முழுப்பயன் தராது.