பட்டறையில் ஒரு பிரேக்

கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரை சென்று திரும்பும் வேன்களுக்கு ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே கடுமையான பரீட்சை. கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். வாடகை வாகனங்கள் 8 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அப்பால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டவேண்டுமென்று விதித்திருப்பது மிகவும் நியாயமே. ஆயினும், அன்றைக்கென்று பெயிண்டு பூசி, நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிச் செல்லும் கிருத்திரிமத்தை ஒருநாள் சோதனை தவறாமல் பிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆகையால்தான், கள்ளக்குறிச்சியில் நாணயமான மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பரம ஆனந்தம். பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, ரிவெட்டின் தலை உரசிய கோடு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்து, மாற்றிய பழைய லைனிங்கை உரிமையாளர் கையிலேயே கொடுத்து, "வீல் சிலிண்டர் நல்லா இருக்குதுங்க, இப்ப மாத்த வேண்டாம்" என்று தமக்கு வரவேண்டிய லாபத்தைத் தாமே மறுத்துவிடுகிற அந்தச் சிரத்தை, எந்த முத்திரையிட்ட அத்தாட்சியையும்விட என் மதிப்பில் உயர்ந்தது. பிறகு, தாமே ஓட்டிப் பார்த்து, பிரேக் ஒருபக்கமாக இழுக்கவில்லை என்று நிச்சயித்த பின்னரே சாவியை நீட்டுகிறார்.