பன்னிரண்டு சிப்பும் கல்லடி உப்புக்காற்றும்

கடற்கரைப் பக்கம் கேற்றுப் பூட்டே இரண்டு மாரிக்குத் தாங்காத ஊர் மட்டக்களப்புக் கல்லடி. இங்கே 1982ஆம் ஆண்டு வெளிவந்த கொம்பியூட்டர் வகை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது பாவிக்காமல் பெட்டிக்குள் கிடந்ததுதான் காரணம். லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். றப்பர் விசை, கறுப்பு உடம்பு, நினைவகம் 16கே. அதை 48கே ஆக்கிப் பார்த்ததன் கதைதான் இந்த விமர்சனம்.

16கே என்றால் எவ்வளவு? திரைக்கே 6,912 பைற் போய்விடும். மற்றக் கணக்குகளும் கழிந்தபின் பேசிக் நிரலுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 8,800 பைற். இந்தக் கட்டுரையை யூனிகோட்டில் சேமித்தால் அதற்குள் கொள்ளாது. அந்தக் காலத்தில் 16கே 125 பவுண், 48கே 175 பவுண். ஐம்பது பவுணை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு வருந்தினார்கள். நல்ல விளையாட்டுகள் பல 48கே கேட்டன. ஜெட்பாக் 16கேயில் ஓடும், மேனிக் மைனர் ஓடாது.

வழி இரண்டு. முதலாவது, பின்பக்கத்தில் செருகும் 32கே பெட்டி. கொம்பியூட்டரைத் திறக்கத் தேவையில்லை, ஆனால் கல்லடிக்கு இதை நான் சொல்லமாட்டேன். பின்பக்க விளிம்பில் செப்புக் கோடுகள் வெறுமையாகக் காற்றுப் படக் கிடக்கின்றன. உப்புக்காற்றுக்கு அவை கறுத்துப் போகும். அழிறப்பரால் தேய்த்தால் சில வாரம் ஓடும். பிறகு மேசையில் கை பட்டாலே எல்லாம் அழிந்து தொடக்கத் திரை வந்து நிற்கும். இதே சின்கிளேரின் முந்திய இசட்எக்ஸ்81, ஆடுகிற 16கே பெட்டியால்தான் உலகம் முழுக்கப் பேர் கெட்டது.

இரண்டாவது வழி உள்ளே. இஷ்யூ 2, இஷ்யூ 3 போர்டுகளில் பன்னிரண்டு சொக்கெட்டுகள் வெறுமையாகக் காத்திருக்கின்றன: எட்டு நினைவகச் சிப்புக்கு, நாலு தர்க்கச் சிப்புக்கு (74எல்எஸ்00 ஒன்று, 74எல்எஸ்32 ஒன்று, 74எல்எஸ்157 இரண்டு). 48கே இயந்திரங்களுக்குத் தொழிற்சாலையில் இந்த இடத்தில் போட்டவை ஒரு பாதி பழுதான 64 கிலோபிற் சிப்புகள். பழுதான பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை 32 கிலோபிற் என்று மலிவாக வாங்கினார் சின்கிளேர். எந்தப் பாதி நல்லது என்பதை ஒரு சிறு கம்பித் துண்டு போர்டுக்குச் சொல்லும். கஞ்சத்தனம்தான், ஆனால் இவ்வளவு கெட்டிக்காரக் கஞ்சத்தனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்று முழுதும் நல்ல 4164 கிடைக்கிறது. கம்பியை எந்தப் பக்கம் பற்றவைத்தாலும் சரி, வைக்காமல் விடக்கூடாது. 128 வரிசைப் புதுப்பிப்பு வகையாகப் பார்த்து வாங்குங்கள். இசட்80 தானே செய்யும் புதுப்பிப்பு ஏழு பிற் வரைக்குந்தான்.

சொக்கெட்டுக் கால்களில் பச்சை பூத்திருந்தது. அல்கஹோலும் பழைய பல்துலக்கியும் போதுமாயிற்று. எல்லாம் செருகி, ரீவியில் பேசிக் திரை வந்ததும் அடிக்க வேண்டியது: பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. விடை 65535 வரவேண்டும். எனக்கு வந்தது 32767, அதாவது பழைய 16கேதான். இயந்திரம் தொடங்கும்போதே நினைவகத்தைச் சோதித்து, பழுது கண்ட இடத்தோடு நின்றுவிடும், கூச்சல் போடாது. 40000ஆம் முகவரியில் 0 போட்டு வாசித்தேன். 8 வந்தது. எட்டுக் கூடுகிறது, ஆகவே 0இலிருந்து எண்ணினால் மூன்றாம் பிற். ஒவ்வொரு பிற்றுக்கும் ஒரு சிப் என்பதால் குற்றவாளியைத் தேடத் தேவையில்லை. இணையத்தில் வாங்கிய பழைய சிப்புகளில் இப்படி ஒன்றிரண்டு இருக்கும், பத்தாக வாங்குங்கள். மாற்றியதும் 65535.

கூடிய இடம் மட்டுமல்ல லாபம். கீழ் 16கேயைத் திரை வரையும் யுஎல்ஏ சிப்பும் பங்கு போடுகிறது. அது வரையும்போது இசட்80 காத்திருக்க வேண்டும். மேல் 32கேயில் அந்தத் தொல்லை இல்லை. இயந்திர மொழி நிரலை 32768க்கு மேலே வைத்தால் முழு 3.5 மெகாஹேர்ட்ஸ் கிடைக்கும். சிறிய பேசிக் நிரல்கள் பழையபடி கீழேதான் இருக்கும். அவற்றில் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நான் அதிகம் இரசித்தது தமிழ் எழுத்து. 768 பைற்றில் 96 எழுத்துக் கொண்ட ஒரு தொகுதியை மேலே வைத்து, பழைய எழுத்துக்குப் பதிலாக அதைப் பார்க்கும்படி இயந்திரத்துக்குச் சொல்லலாம். ட, ப, ம எல்லாம் எட்டுப் புள்ளிக்குள் அழகாக உட்காருகின்றன. ண மட்டும் மசியவில்லை. அதற்கு இரண்டு கட்டம் ஒதுக்கினேன்.

குறை என்றால் சூடு. உள்ளே இருக்கும் 7805 ஒழுங்காக்கி ஏற்கனவே கைவைக்க முடியாத மாதிரிக் கொதிக்கும். பன்னிரண்டு சிப் கூடினால் சுமையும் கூடும். மட்டக்களப்பில் கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மத்தியானங்களில் பெட்டியை மூடி ஓட்டவேண்டாம். 7805க்குப் பதிலாக அதே மூன்று காலில் பொருந்தும் சுவிச்சிங் வகை ஒன்று போட்டேன், சூடு இறங்கிவிட்டது. மின்தேக்கிகளையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

கீழ் 16கேயின் 4116 சிப்புகளை, அவை ஓடும்வரை தொடாதீர்கள். அவற்றுக்கு +12, +5, −5 மூன்று வோல்ட்டும் வேண்டும். −5 இல்லாமல் போனால் சிப் செத்துவிடும். மேல் வரிசைக்கு 5 வோல்ட் மட்டும் போதும். புதிதாகக் கைவைப்பவர் மேல் வரிசையில் தொடங்குவது நல்லது.

இஷ்யூ 1 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொக்கெட்டுகள் இல்லை, 32கே தனிக் குட்டிப் போர்டாக வரும். அதை மாற்றாமல் அப்படியே சேகரிப்பாளருக்கு விற்பதே என் யோசனை.