ரோமில் தண்ணீரின் உயரத்தைப் பார்ப்பது எப்படி?

ரோமுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ட்ரெவி நீரூற்றின் முன் படம் எடுத்துக்கொண்டு, தோளுக்குப் பின்னால் ஒரு காசை வீசிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கடல் தேவனும் குதிரைகளும் கண்ணை நிறைத்துவிடுவதால், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அந்தக் கேள்வியோடு ஒரு நாள் நடந்தால் ரோம் வேறு ஊராகத் தெரியும். அதற்குப் பழக வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு நீரூற்றிலும் சிற்பத்தைப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

மோட்டாரும் பம்பும் இல்லாத காலத்தில் தண்ணீரை நகர்த்தியது வாட்டம் மட்டுமே. மலையடிவாரத்து ஊற்றிலிருந்து நகரம்வரை கால்வாய் இறங்கிக்கொண்டே வர வேண்டும். சரிவு அதிகமானால் வேகம் கால்வாயை அரித்துவிடும்; குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கொத்தனார் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைப் போல, ரோமானியரும் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்ததுண்டு. 20 அடி நீளப் பலகையின் மேல் பள்ளம் வெட்டி, அதில் நீர் ஊற்றிச் சரிபார்க்கும் கருவியை விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலில் விளக்கியிருக்கிறார். கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த விர்கோ கால்வாய் சுமார் 21 கிலோமீட்டர் ஓடுகிறது. அவ்வளவு தூரத்துக்கும் அது இறங்குவது ஏறத்தாழ 4 மீட்டர்தான். கிலோமீட்டருக்குச் சுமார் 20 சென்டிமீட்டர்!

நடையைத் தொடங்கச் சரியான இடம் நகரின் தென்கிழக்கில் உள்ள நீர்ப்பாலங்களின் பூங்கா. மெட்ரோ ஏ பாதையில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால், புல்வெளியில் கிளாடியா கால்வாயின் வளைவுகள் வரிசையாக எழுந்து நிற்கும். பேரரசர் கலிகுலா கி.பி. 38-இல் தொடங்கி, அவருக்குப் பின் வந்த கிளாடியஸ் 52-இல் முடித்த வேலை இது. நீளம் சுமார் 69 கிலோமீட்டர். வளைவுகளைக் கண்டு மலைத்துப்போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கால்வாயின் முக்கால் பங்குக்கும் மேல் மண்ணுக்கடியில்தான் ஓடியது. நகரை நெருங்கும்போது தரை தாழ்ந்துவிடுவதால், தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும் உயரம் வீணாகக் கூடாதே என்றுதான் இந்த வளைவுகள் எழுந்தன. அழகு தானாக வந்து சேர்ந்தது. அருகிலேயே தாழ்வாக ஓடும் சுவர் பெலிச்சே கால்வாய். ஐந்தாம் சிக்ஸ்டஸ் என்ற போப்பின் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய மார்சியா கால்வாயின் எச்சங்களையும் பயன்படுத்திக் கட்டியது.

அங்கிருந்து போர்த்தா மஜ்ஜோரே. பலர் இதைக் கோட்டை வாசல் என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். உண்மையில் இது சாலைகளைத் தாண்டிப் போவதற்காகக் கட்டிய தொட்டிப்பாலம். மதில் பிறகு வந்து இதோடு ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செவ்வகத் துளைகள் தெரியும். கீழே ஓடியது கிளாடியா, மேலே ஓடியது புதிய அனியோ என்ற இன்னொரு கால்வாய். பிறகு முகப்புக்கு வந்து மூன்று அடுக்குக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். முதல் அடுக்கில், தன் சொந்தச் செலவில் கட்டியதாகக் கிளாடியஸ் சொல்கிறார். இரண்டாவதில் பின்னர் வந்த பேரரசர் வெஸ்பாசியன், ஒன்பது ஆண்டுகள் தண்ணீர் வராமல் இடிந்துகிடந்த கால்வாயைக் கி.பி. 71-இல் மீட்டதாகச் சொல்கிறார். பத்தே ஆண்டுகளில் மறுபடியும் பழுது. மூன்றாவது அடுக்கு வெஸ்பாசியனின் மகன் டைட்டஸின் பெயரில். பேரரசின் மிகப் பெரிய கட்டுமானங்களில் ஒன்று திறந்து முப்பது ஆண்டுக்குள் இரண்டு முறை பழுதானதை, கல்லில் வெட்டி ஊர் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். ரோமில் இதைவிட நேர்மையான கல்வெட்டு கிடைப்பது கடினம்.

பராமரிப்பு எவ்வளவு பெரிய தலைவலி என்பதை ஃப்ரான்டினஸ் எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 97-இல் நகரின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பேற்றவர் அவர். அவருக்குத் தட்டுப்பட்டவற்றில் ஒன்று திருட்டு இணைப்பு. ஊழியர்களே கால்வாயில் துளையிட்டு, தெருவுக்கடியில் ஈயக் குழாய் பதித்துத் தண்ணீரை விற்றுவந்தார்கள். அந்தக் குழாய்களைத் தோண்டியெடுத்தபோது கிடைத்த ஈயத்தின் அளவையே அவர் குறிப்பிடத்தக்கதாகச் சொல்கிறார். முத்திரையிட்ட வெண்கல வாய் இல்லாமல் இணைப்பு கொடுக்கக் கூடாது என்பது அன்றைய விதி. குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு ஒரு முறையாவது அலைந்த எவருக்கும் ஃப்ரான்டினஸ் அந்நியராகத் தோன்ற மாட்டார்.

கி.பி. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்துகள் கால்வாய்களை உடைத்தார்கள். அதன் பிறகு ரோம் பெரும்பாலும் கிணற்றையும் டைபர் ஆற்றையும் நம்பியே வாழ்ந்தது. மண்ணுக்கடியில் ஓடிய விர்கோ மட்டும் குற்றுயிராகத் தப்பியது. அதை 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் போப்கள் சீரமைத்தார்கள். பிறகு பெலிச்சே வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவோலா கால்வாய். இன்று காணும் பழைய நீரூற்றுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றின் பிள்ளைகள். மூன்றும் நகருக்குள் நுழையும் உயரம் வேறு வேறு. நடையின் சுவாரசியமே இங்கேதான் தொடங்குகிறது.

பர்பெரினி சதுக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அங்குள்ள நீரூற்றில் சிற்பி ஜான் லொரென்ஸோ பெர்னினியின் ட்ரைடன் என்ற கடல் தேவன், விரிந்த சிப்பியின் மேல் மண்டியிட்டு, சங்கை வாயில் வைத்து நீரை மேல்நோக்கிப் பீய்ச்சுகிறான். 1643-இல் முடிந்த சிற்பம். இப்படிப் பீய்ச்ச முடிந்தது, உயரத்திலிருந்து வரும் பெலிச்சே தண்ணீர் அங்கே கிடைத்ததால். அடுத்து ட்ரைடன் தெருவில் சரிவோடு இறங்கி நசரேனோ தெருவுக்குள் திரும்ப வேண்டும். கம்பிகளுக்குப் பின்னால், இன்றைய தெருவுக்குக் கீழே பள்ளத்தில், விர்கோவின் வளைவுகள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் தலைக்கு மேல் போன கால்வாய் அது. நூற்றாண்டுகளாகத் தரை உயர்ந்து உயர்ந்து அதை விழுங்கிவிட்டது. கரடுமுரடாக விட்ட கற்களுக்கு மேலே கிளாடியஸின் கல்வெட்டு, கலிகுலா குலைத்த வளைவுகளைத் தான் திரும்பக் கட்டியதாக அறிவிக்கிறது. கடைக்குப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே அவசியம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அதே தண்ணீர்தான் சில நிமிட நடையில் ட்ரெவியாகிறது. நிக்கோலா சால்வி 1732-இல் தொடங்கினார். அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1762-இல் முடிந்தது. அங்கே தண்ணீர் வானத்தை நோக்கிப் பாய்வதில்லை, பாறைகள்மேல் வழிந்து பரவுகிறது. தாழ்வாக வரும் விர்கோவுக்கு அதுதான் முடியும். பார்ப்பவர்கள் தடுப்பில் சாய்ந்து குனிந்து பார்க்கும் அளவுக்குக் குளமும் பள்ளத்தில் இருக்கிறது. மேலே வலப்பக்கப் புடைப்புச் சிற்பத்தில் ஒரு பெண் படைவீரர்களுக்கு விர்கோவின் ஊற்றைக் காட்டுகிறாள். இடப்பக்கத்தில் அக்ரிப்பா கால்வாயின் வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறார்.

ஸ்பானியப் படிக்கட்டின் அடியில் இருக்கும் பார்க்காச்சா நீரூற்றுக்கும் இதே நெருக்கடி. அழுத்தம் அங்கே இன்னும் மோசம். பெர்னினியின் தந்தை பியெத்ரோ 1620-களின் இறுதியில் ஒரு வழி கண்டார். தரையைவிடத் தாழ்ந்த தொட்டியில், பாதி மூழ்கிய படகைச் செதுக்கி, அதன் பக்கங்களிலிருந்து நீர் ஒழுகும்படி விட்டார். குறையையே வடிவமாக்கிய இந்தச் சிறிய படகு, ரசனையில் ட்ரெவிக்கு ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும்.

மாலையில் ஜனிக்குலம் குன்றுக்கு ஏறினால் 1612-இல் எழுந்த பவோலா நீரூற்று. பிராச்சானோ ஏரிப் பக்கத்து நீர், பேரரசர் ட்ரேஜன் கி.பி. 109-இல் அமைத்த வழியில் வந்து, ஐந்து வாசல்களில் கொட்டுகிறது. ஆனால் நெற்றியிலுள்ள பெரிய எழுத்துகள் அதை அல்சியத்தினா கால்வாய் என்கின்றன. அது தவறு. அல்சியத்தினா, பேரரசர் அகஸ்டஸ் போலிக் கடற்போர் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த, குடிக்க உதவாத தண்ணீர்.

இப்போது பல நீரூற்றுகளில் பம்பு வைத்துத் தண்ணீரைச் சுழலவிடுகிறார்கள். ஆனால் சிற்பிகள் வடிவத்தைத் தீர்மானித்தது பம்பு வருவதற்கு முன்பு என்பதால், உயரக் கணக்கு இன்றும் பொருந்துகிறது.

போகிறவர்கள் காலி பாட்டில் ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். 1874 முதல் தெருமுனைகளில் வைத்துவந்த வார்ப்பிரும்புக் குழாய்கள், நசோனி, சுமார் 2,500 இருக்கின்றன. எல்லாவற்றிலும் குடிநீர், இலவசம். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலிருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் எழும்பி வாய்க்கே வரும். கோடை வெயிலைத் தவிர்த்து ஏப்ரலிலோ அக்டோபரிலோ போங்கள்; ட்ரெவியை மட்டும் கூட்டம் சேருமுன் விடிகாலையில் பார்த்துவிடுங்கள்.