நூறு நாள் வேலை: மனு ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம்

மத்திய பட்ஜெட் நெருங்கும்போது டெல்டாவில் தவறாமல் நடக்கிற ஒன்று உண்டு. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் ஆர்ப்பாட்டம் நடத்தும், எம்.பி.க்களிடம் மனு கொடுக்கும். நூறு நாள் வேலையை 200 நாளாக்கு, கூலியை 600, 700 ரூபாயாக்கு. கோரிக்கை நியாயம்தான், அதில் எனக்கு சண்டை இல்லை. தட்டுகிற கதவும் நேரமும் சரிதானா என்பதுதான் என் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். 2023-24ல் ஒதுக்கியது 60,000 கோடி. பத்தவில்லை, திருத்த மதிப்பீட்டில் 86,000 கோடி ஆச்சு. அடுத்த இரண்டு பட்ஜெட்டிலும் அதே 86,000தான். கேட்டவருக்கு வேலை என்றது சட்டம். பணம் இருந்தால் கூலி என்றது பட்ஜெட். 2024 நவம்பர் 27க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் வரவில்லை, பாக்கி 1,056 கோடி என்று 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதுவும் பொங்கல் நேரத்தில். நாட்டு சராசரியோ ஒரு குடும்பத்துக்கு வருஷம் 50 நாளைச் சுற்றியே நின்றது. நூறே கிடைக்காத இடத்தில் 200 என்பது கோஷத்துக்கு நல்லா இருக்கும். ஆனா பழைய பாக்கியைக் கழித்தால் இந்த வருஷத்துக்கு மிச்சம் எவ்வளவு என்ற கேள்விதான் அதிகாரியை உட்கார வைக்கும்.

நேரமும் அப்படித்தான். மாவட்டத்தின் தொழிலாளர் பட்ஜெட்டை டிசம்பரிலேயே தயாரிக்கச் சொன்னது 2005 சட்டம். அதற்கு முன்னால் கிராம சபை. எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை வேணும் என்பது அங்கே பதிவாகாவிட்டால், ஜனவரி மனுவுக்குப் பின்னால் நிற்க ஒரு எண் இருக்காது.

இந்த மண்ணின் சங்கத்துக்குக் கணக்கு புதுசில்லை. கூலி நெல்லை அளவு சொல்லிக் கேட்டு வளர்ந்த சங்கம் இது. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968ல் வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த பிறகு, 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அன்றைக்கு எதிரே நின்றவர் மிராசுதார், களத்திலேயே மறிக்கலாம். இப்போது எதிரே இருப்பது ஒரு ஒதுக்கீட்டு எண். அதை மறிக்க வேற வித்தை வேணும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் இந்த அவசரத்தைக் கூட்டிவிட்டது. 125 நாள் என்கிறார்கள். ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்று மத்திய அரசே நிர்ணயிக்கும்; அதைத் தாண்டினால் முழுசும் மாநிலம்தான் போடணும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் வேண்டும்.

டெல்டாவில் அறுவடை யாருக்கு வேலை? பெரும்பாலும் மெஷினுக்கு. சம்பா அறுப்பு நடக்கிற தை, மாசியில் கூலிக்காரர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களையே 'வேளாண் பருவம்' என்று குறித்துவிட்டால், வயலிலும் வேலை இல்லை, திட்டத்திலும் வேலை இல்லை.

அந்த 60 நாள் எது என்று அறிவிக்கப்போவது மாநில அரசு. அந்த 40 சதவீதத்தை ஒதுக்கப்போவது சென்னை சட்டமன்றம். டெல்லிக்கு ஒரு மனு போகட்டும், வேண்டாம்னு சொல்லலை. அதற்கு முன்னால் கிராம சபையிலும் கலெக்டர் ஆபீஸிலும் சென்னையிலும் சங்கம் கணக்கோடு போய் உட்காரணும்.