ஆரணித் தொகுதி முடிவும் வவுனியா ரேடாரும்

சென்னையிலிருந்து வந்த நண்பரோடு போன வாரம் ராஜகிரி ஏறினேன். பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பேச்சு 2009-க்குப் போனது. "உங்க தொகுதியே காங்கிரஸுக்குத்தானே ஓட்டுப் போட்டுச்சு. ஈழம்லாம் மேடையில மட்டும்தான்"னு சொன்னார். அவர் மட்டுமா சொல்கிறார்? அந்தத் தேர்தலைப் பற்றி எழுதுகிற பலரும் ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தகவல் தப்பில்லை. செஞ்சி சட்டமன்றத் தொகுதி ஆரணி மக்களவைத் தொகுதியில் அடங்கும். 2009-இல் அங்கே ஜெயித்தது காங்கிரஸின் கிருஷ்ணசாமி. மாநிலத்தின் 39 இடங்களில் திமுக அணிக்கு 27. வாக்குப்பதிவு மே 13. அன்றைக்கு முள்ளிவாய்க்காலில் போர் இன்னும் முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் முடிந்தது. ஆகவே போர் நடக்கும்போதே மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்கிறார்கள்.

எந்தக் கேள்விக்கான தீர்ப்பு?

ஒரு பக்கம், இலங்கை ராணுவத்துக்கு ரேடார் கொடுத்த மத்திய அரசும் அதில் பங்காளியான திமுகவும். முதல்வர் கருணாநிதி ஏப்ரல் 27 காலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்து, கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்ததும் சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். இன்னொரு பக்கம் ஜெயலலிதா. போர் என்றால் பொதுமக்களும் சாகத்தான் செய்வார்கள் என்ற பொருளில் ஜனவரியில் பேசியவர், தேர்தல் நெருங்கியதும் தனி ஈழம் அமைத்துத் தருவேன், இந்திய ராணுவத்தையே அனுப்புவேன் என்றார். மூணு மாசத்துக்குள் இப்படி மாறியவரை நம்பாமல் ஒருத்தர் கைச் சின்னத்தில் குத்தியிருந்தால், அவருக்கு ஈழத்தில் அக்கறை இல்லை என்று எப்படி எழுதுவது? அதே தேர்தலில் தங்கபாலு, மணிசங்கர் அய்யர், இளங்கோவன் மூவரும் தோற்றார்கள் என்பதையும் இந்த ஒருவரி ஆய்வாளர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

ரேடார் விஷயத்துக்கு வருவோம், எனக்கு முக்கியம் அதுதான். 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியா படைத்தளத்தைப் புலிகள் தாக்கினார்கள். அதில் இந்தியத் தொழில்நுட்பவியலாளர்கள் இரண்டு பேர் காயமடைந்தார்கள். அங்கே இந்திய ரேடார் இருப்பதும், அதை இயக்க நம் ஆட்கள் இருப்பதும் தமிழ்நாட்டில் பெரிய பேச்சானது அதற்கப்புறம்தான். தாக்கும் ஆயுதம் தரவில்லை, தற்காப்புக் கருவி மட்டும்தான் என்பது டெல்லியின் நிலைப்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ரேடார் காவல் காத்தது வன்னிப் போரை நடத்திய தலைமையகத்தை. வானத்திலிருந்து அடி விழாது என்ற தைரியத்தில் தரையில் முன்னேறுகிற படைக்கு அது தற்காப்பா, தாக்குதலா?

உக்ரைனுக்குத் தங்கள் நாடு தரும் உதவி அதிகமா, குறைவா, சரியான அளவா என்று அமெரிக்கர்களிடம் பியூ ஆய்வு மையம் 2022 முதல் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறது. பதில் கட்சிவாரியாகப் பிரிவதும் தெரிகிறது. அப்படிக் கேட்க முடிவதற்குக் காரணம், அங்கே உதவித்தொகை நாடாளுமன்றத்தில் விவாதித்து ஒதுக்கப்படுகிறது, செய்தியில் வருகிறது. தெரியாத உதவியைப் பற்றி யாரிடம் போய்க் கருத்துக் கேட்பது?

நாங்கள் உட்கார்ந்திருந்த கோட்டைக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1690 முதல் 1698 வரை உள்ளே ராஜாராம், வெளியே ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான். 1690-இல் கடலூர்ப் பக்கத்து தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய அதே ஆங்கிலேயர், சென்னையிலிருந்து மொகலாயருக்கு வெடிமருந்தும் கொடுத்தார்கள். யார் யாருக்கு என்ன விற்றார்கள் என்பது கம்பெனிக் காகிதங்களில் இருக்கிறது. செஞ்சி சனங்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதிவைக்க அப்போது ஆளில்லை. 2009-க்கு அந்தச் சாக்குக் கிடையாது.

எதிர்ப்பக்கத்துத் தோழர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். 2014-இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை. "முள்ளிவாய்க்காலுக்குத் தமிழன் கொடுத்த பதிலடி" என்கிறார்கள். கூட்டணி இல்லை, 2ஜி இருந்தது, நாடு முழுக்கவே காங்கிரஸ் சரிந்தது. 2009-இல் ஓட்டு சாட்சி ஆகாது என்றால் 2014-லும் ஆகாது.

கேள்வி நேராக வந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி நடப்பது வெளியே தெரிந்தது. ஜெயலலிதா, கருணாநிதி, வைகோ, ராமதாஸ் என ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவர்கள்கூட ஒரே குரலில் எதிர்த்தார்கள். பயிற்சியைப் பெங்களூர் எலகங்காவுக்கு மாற்றினார்கள். நிறுத்தவில்லை, நம் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இறங்கி வந்து திருவண்ணாமலை ரோட்டில் டீ குடிக்கும்போது, நண்பர் விடாமல் கடைப் பெரியவரிடமே கேட்டார். 2009-இல் யாருக்குப் போட்டீங்க ஐயா? "கைக்குத்தாம்பா போட்டேன். நூறு நாள் வேலை வந்துதுல்ல" என்றார். அப்போ இலங்கைச் சண்டை? டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அதுக்கு எங்கப்பா பெட்டி வெச்சாங்க?"