மாலையங்கியும் மறைக்கப்பட்ட தையலும்

தொடக்ககால ஹொலிவூட் திரைப்படங்களின் பகட்டான மாலையங்கிகள் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் ஒழுக்கவாதமாகவே முடிந்துவிடுகின்றது. மற்றொரு சாரார் அவற்றைக் ‘கலையழகு’ எனப் போற்றி அமைவர். இரு சாராரும் அணிந்தவளைக் காண்கின்றனர், தைத்தவளைக் காண்பதில்லை. போருக்குப் பின் ஆடைத் தொழிற்சாலையைக் கண்ட புதுக்குடியிருப்பிலிருந்து நோக்குமிடத்து இக்குறை வெறும் புலமைக்குறையன்று.

1933இல் வெளிவந்த ‘டின்னர் அற் எய்ற்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் வேலையிழந்திருந்த ஆண்டு அது. படத்திலும் கப்பல் முதலாளியொருவர் நொடித்துப்போகின்றார். எனினும் விருந்து நிற்பதில்லை. அவ்விருந்துக்கு ஜீன் ஹார்லோ வெண்ணிறச் சற்றின் அங்கியில் வருகின்றார். அதனை வடிவமைத்தவர் மெற்றோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தின் ஏட்றியன். இழைக்குச் சரிவாகத் துணியை வெட்டும் முறை, 1920களில் பாரிசில் மதலேன் வியோனே வளர்த்தெடுத்தது. அதற்குத் துணி மிகுதியாகச் செலவாகும். தேர்ந்த கையும் வேண்டும். தையல் எவ்வளவுக்குப் புலப்படாதிருக்கின்றதோ அவ்வளவுக்கு அங்கி சிறந்ததெனப்படும். உழைப்பு தன்னைத் தானே அழித்துக்கொள்வதே இங்கு அழகின் நிபந்தனையாகின்றது. திரையிலே தோன்றுவது ஏட்றியனின் பெயர். தையற்கூடத்துப் பெண்களின் பெயர்கள் தோன்றுவதில்லை.

இவ்வழகு திரையோடு நின்றுவிடவுமில்லை. 1932இல் ‘லெற்றி லின்ரன்’ படத்தில் ஜோன் குறோபோர்ட் அணிந்த, தோள்கள் உப்பிய வெள்ளை அங்கியின் மலிவுப் பிரதிகள் நியூயோர்க்கின் மேசிஸ் கடையில் விற்பனைக்கு வந்தன. பின்னர் பதிப்புரிமை வழக்கினால் அப்படம் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அங்கியின் புகழோ நிலைத்தது. கதையினின்றும் பிரிந்த பண்டம் தனியுயிர் பெற்றமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பகட்டுக்குப் பொருளியல் அடித்தளம் உண்டென்பதைப் போர் வெளிப்படுத்திற்று. 1942இல் அமெரிக்க அரசு பெண்களின் ஆடைக்குரிய துணியளவைக் கட்டுப்படுத்தியது. அவ்வாண்டு ஒஸ்கார் விருந்திலும் சம்பிரதாய உடை தவிர்க்கப்பட வேண்டுமெனக் கேட்கப்பட்டது. ‘என்றுமுள்ள அழகு’ எனப்பட்டது ஓர் ஆணையாற் சுருங்கியது.

2009இல் போர் முடிவுற்றபின், வன்னியில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டன. அங்கு தொழில் செய்வோரிற் பெரும்பாலோர் பெண்கள். ஹொலிவூட்டின் தையற்காரி ஓர் அங்கியை முழுமையாகக் காணவேனும் வாய்ப்புப் பெற்றாள். உற்பத்தி வரிசையில் அமர்ந்திருப்பவள் கையை மட்டும், அல்லது கழுத்துப்பட்டியை மட்டும் தைக்கின்றாள்; முழு ஆடை கடல்கடந்த கடையிற் பிறர் பெயர் தாங்கித் தொங்குகின்றது. தொழில்நுட்பம் மாறியுள்ளது, பெயர் மறைக்கப்படும் நியதி மாறவில்லை.

எனவே அழகை வெறுக்கும்படி நாம் கூறவில்லை. அழகிய ஆடை அணியும் விருப்பம் உழைக்கும் பெண்ணுக்கும் உரியதே. அவ்வழகைப் படைத்தவளிடமிருந்து அதனை அந்நியப்படுத்தும் உறவையே விமர்சகன் இனங்காட்ட வேண்டும். திரையில் ஒளிரும் அங்கியைப் புரட்டி, அதன் உட்புறத் தையலை வாசிப்பதே நமது திறனாய்வின் முதற்பணியாகும்.